பாய் விரித்த மாப்பிள்ளை

ஏழாங்கரைக்காரர்கள் கூடிப் பேசாமல் தும்மக்கூட மாட்டார்கள். அந்த ஊர்ப் பூவலிங்கத்துக்கு உப்பங்கழிக்கு அக்கரையில் கல்யாணம். படகுக்காரன் சவேரி கால் சுளுக்கிப் படுத்துவிட்டதால், மாப்பிள்ளையின் பெரியப்பா ஒச்சப்பனும் தாய்மாமன் மாடக்கண்ணுவும் தாங்களே படகை ஓட்டிப் போவதென்று முடிவானது.

சவேரி படுத்தபடியே சொல்லிக்கொடுத்தான். "நடுக்கழிக்குப் போனதும் பாயை விரிங்க. கப்பி வழியா வர்ற கயித்தைக் கீழே இழுத்தா பாய் மேலே ஏறும். ஏறினதும் கயித்தைக் கட்டிப் போடுங்க. காத்து பாத்துக்கும்."

"பாய் வேணுமாமே!" என்று ஒச்சப்பன் வீட்டுக்கு ஓடிப்போய், படுக்கிற கோரைப்பாயைச் சுருட்டிக் கொண்டுவந்தார். படகில் ஏற்கெனவே பெரிய துணி ஒன்று கிடந்தது. சீர்வரிசைப் பலகாரத்தில் வெயில் படாமலிருக்க அதை மூடிவிட்டார்கள்.

நீளக் கம்பால் தள்ளி நடுக்கழிக்கு வந்ததும் பாயை விரித்தார்கள். மூவரும் அதில் உட்கார்ந்தார்கள். படகு நகரவில்லை.

"படுத்துப் பாப்போமா?" என்றார் மாடக்கண்ணு.

படுத்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளை குறட்டையே விட்டான். அப்போதும் நகரவில்லை.

"பாய் மேலே ஏறணும்னு சொன்னானே" என்று ஒச்சப்பனுக்கு நினைவு வந்தது. அண்ணாந்து பார்த்தார். பாய்மரத்தின் உச்சியில் கப்பி தொங்கியது. "ஆனா ஒரு சந்தேகம். கீழே இழுத்தா எப்படிய்யா மேலே போகும்? அந்த மரச்சக்கரம் நம்ம பேச்சை அப்படியே மாத்திச் சொல்லுதோ?"

"நம்ம ஊர்க் கூட்டத்திலயும் அப்படித்தானே? நாம ஒண்ணு சொல்றோம், வேற ஒண்ணு நடக்குது" என்றார் மாடக்கண்ணு.

அந்த விளக்கம் இருவருக்கும் திருப்தியாக இருந்தது.

பாயைக் கயிற்றில் கட்டினார்கள். அது சுருண்டு சுருண்டு தொங்கியது. விரித்துப் பிடிக்க மேலே ஓர் ஆள் வேண்டும்.

"இன்னிக்கு எல்லாத்துக்கும் முன்னால நிக்க வேண்டியவன் மாப்பிள்ளைதான்" என்றார் ஒச்சப்பன்.

"பெரியப்பா, எனக்குத் தலை சுத்தும்."

"கண்ணை மூடிக்கோ. கல்யாணமே அப்படித்தான்."

மாப்பிள்ளையின் அக்குளில் கயிற்றைக் கட்டி இருவரும் மறுமுனையைக் கீழே இழுத்தார்கள். பூவலிங்கம் மேலே போனான். சவேரி சொன்னபடியே கயிற்றைக் கட்டிப் போட்டார்கள். பட்டு வேட்டி படபடக்க, இரு கையாலும் கோரைப்பாயை விரித்துப் பிடித்தான். காற்று அதில் மோத, படகு உண்மையாகவே ஓடியது! பெரியவர்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அக்கரைத் துறையில் படகு முட்டி நின்றது. மேளம் கொட்டியது. பெண்ணின் தகப்பனார் சின்னமாயன் மாலையோடு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"சம்பந்தி, முகூர்த்தம் போயிட்டிருக்கு. மாப்பிள்ளையை இறக்குங்க."

ஒச்சப்பன் விழித்தார். "ஏத்தத்தான் சொன்னான். இறக்குறதைப் பத்தி சவேரி ஒண்ணும் சொல்லலையே!"

"இழுத்து ஏத்தினோம். தள்ளினா இறங்குவான்" என்று மாடக்கண்ணு கயிற்றை மேலே தள்ளிப் பார்த்தார். கயிறு துவண்டு அவர் தலையிலேயே விழுந்தது.

"முடிச்சை அவிழ்த்தா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"சவேரி கட்டச் சொல்லியிருக்கான். அவன் பேச்சை மீற முடியுமா?" என்றார் ஒச்சப்பன்.

"எனக்குப் பசிக்குது" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

சின்னமாயன் தாடையைத் தடவினார். தானும் சளைத்தவரில்லை என்று காட்ட வேண்டிய நேரம் அது. "மாப்பிள்ளையை இறக்க முடியாது. சரி. படகை இறக்கலாமே?"

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். உடனே கடப்பாரை வந்தது. படகின் அடியில் ஓட்டை போட்டார்கள். படகு மரியாதையாக இறங்கியது. பூவலிங்கத்தின் கால் துறைப் படிக்கு நேராக வந்தபோது மணப்பெண் பொன்னுத்தாயி கழுத்தை நீட்டினாள். அவன் பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு தாலி கட்டினான். கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி பெரியவர்கள் இருவரும் அட்சதை போட்டார்கள். பலகாரம் மிதந்து போனது.

"எல்லாம் சரி சம்பந்தி" என்றார் மாடக்கண்ணு, காதுத் தண்ணீரை உதறியபடி. "சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளையை எதுல கூட்டிட்டுப் போறது?"

"இதே படகுலதான்" என்றார் சின்னமாயன். "அதுக்குள்ள தண்ணியெல்லாம் வடிஞ்சிடும். அதான் அடியில ஓட்டை போட்டிருக்கோமே!"