கிளிங்னு வந்த வண்டி

இந்தக் கதைய எனக்கு முதல்ல சொன்னது உண்ணாமலை. என் பெரிய மக கல்யாணத்துக்கு முந்தின நாளு, பந்தல் ஓரத்துல உக்காந்து பூசணிக்கா அரிஞ்சுக்கிட்டே சொன்னா. நடுவுல சிரிச்சா, நடுவுல அழுதா, பூசணிக்கா பாதி அப்படியே கெடந்துச்சு. இப்ப நான் உனக்குச் சொல்றேன். போர்வைய இழுத்துக்கோ கண்ணு, காலு வெளிய கெடக்குது பாரு. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" போடணும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு வண்டி இருந்துச்சாம். ராசா இல்ல, ராணி இல்ல, வண்டிதான். பழைய மோட்டார் சைக்கிளு. மலைமேல மண்பாதையில ஓடி ஓடி அதுக்கு என்ன நிறம்னே யாருக்கும் தெரியாது, சேத்து நிறம். அதை ஓட்டுறவரு சடையப்பன். அவரு பொண்டாட்டிதான் இந்த உண்ணாமலை. மலை உச்சியில அவங்க வீடு. சடையப்பன் தினமும் புளி மூட்டை, கடுக்கா மூட்டைய ஏத்திக்கிட்டு அடிவாரத்துக்குப் போவாரு. வர்றப்ப மருந்து, மண்ணெண்ணெய் எல்லாம் வாங்கியாருவாரு. யாருக்காவது காய்ச்சல்னா பின்னாடி உக்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாரு.

அந்த வண்டிக்கு செயின் கவர் ஆடும். அதனால பள்ளத்துல எறங்குனா ஒரு சத்தம் வரும். எப்படி? டுபு டுபு டுபு டுபு... கிளிங்! டுபு டுபு... கிளிங்!

"கிளிங்!"

ஆமா, அதேதான். அந்த மலையில வீடெல்லாம் அங்கொண்ணு இங்கொண்ணு. போன் பேச டவர் கிடையாது. அந்தச் சத்தம் கேட்டாத்தான் சனங்க மூட்டையத் தூக்கிக்கிட்டுப் பாதைக்கு வருவாங்க. உண்ணாமலையும் அப்படித்தான். கடைசி வளைவுக்கு முன்னாடி கிளிங்னு கேட்டா உலைய வைப்பா. அவரு கை கால் கழுவி உக்கார்றதுக்கும் சோறு வேகுறதுக்கும் சரியா இருக்கும்.

அப்புறம் மழைக்காலம் வந்துச்சு. பாதையெல்லாம் சேறு. வண்டி ஏற மாட்டேங்குது. விர்ர்ர்ர்னு சக்கரம் நின்ன எடத்துலயே சுத்துது. சடையப்பனுக்கு ஒரே கவலை. ஏன்னா, பாதிமலையில ஓடைக்கு அந்தப் பக்கம் கனகான்னு ஒரு பொண்ணு. அவளுக்கு அந்த மாசம் பாப்பா பொறக்கணும். "வலி வந்தா உங்க வண்டி சத்தத்துக்கு நாங்க பாதைக்கு வந்துருவோம் மாமா, நிறுத்தி ஏத்திக்கோங்க"ன்னு சொல்லி வச்சிருந்தா. இவரும் சரின்னு வாக்குக் குடுத்திருந்தாரு. வண்டி சறுக்குனா என்ன பண்றது, சொல்லு?

"ம்... வேற வண்டி வாங்கணும்."

அதையேதான் உண்ணாமலையோட தம்பி ஏகாம்பரமும் சொன்னான். டவுன்ல இருக்கறவன். "மாமா, இதை எடைக்குப் போடு. எடுத்துக்கறவனுக்கு நாமதான் டீ வாங்கித் தரணும். என் புது வண்டிய ஒரு நாளு ஓட்டிப் பாரு, அப்புறம் பேசு."

சடையப்பனும் ஓட்டிப் பாத்தாரு. ஸ்ஸ்ஸ்ஸ்னு போகுது, பூனை மாதிரி. பாதையில ஒருத்தரையும் காணோம். திம்மராயன்னு ஒரு தாத்தா மட்டும் புளி மூட்டை மேல, அந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்காரு. திரும்பவே இல்ல. மறுநாளு பிடிச்சுக்கிட்டாரு: "ஏன்டா சடையா, நேத்து எங்கடா போன? நாள் முழுக்க மூட்டைக்குக் காவல் காத்தேன்!"

"தாத்தா, நான் உன் முன்னாடியேதான் போனேன். நீ தூங்கியிருப்ப"ன்னு சொல்லிச் சிரிச்சுட்டு இவரு போயிட்டாரு. அப்பவே யோசிச்சிருக்கலாம். யோசிக்கல.

அப்புறம் அடிவாரத்துல மெக்கானிக்கு அன்வரு இருந்தான். அவன் சொன்னான், "அண்ணே, இன்ஜின் தங்கம்ணே! இதை எதுக்கு மாத்துற? நான் பிரிச்சுக் கட்டித் தர்றேன், ஆடு மாதிரி ஏறும் பாரு." அப்படின்னு சொல்லி, சேத்துல வழுக்காத, மொட்டு மொட்டா இருக்குற பட்டன் டயரு மாட்டுனான். ஒசரமா ஷாக் அப்சார்பர் போட்டான். சைலன்சர மாத்துனான். செயின் கவரக் கழட்டி, "இந்தத் தகரம் எதுக்குண்ணே?"ன்னு பழைய சைலன்சரோட சேத்துச் சாக்குல கட்டிக் குடுத்துட்டான்.

கேக்குறியா?

"ம்..."

வண்டி கெளம்புச்சு. டர்ர்ர்ர்ர்ர்! சேத்துல ஏறுது, பாறையில ஏறுது, ஓடைத் தண்ணிய பொளக்குனு பொளந்துக்கிட்டுப் போகுது. சடையப்பனுக்கு ஒரே சந்தோசம். ஆனா வழியில ஆடுங்க சிதறி ஓடுது. குறுக்க வந்த சனம் ஒதுங்கி ஓடுது. கதவெல்லாம் படார் படார்னு சாத்துது. ஏன் தெரியுமா? டவுன் பசங்க சிலபேரு லீவு நாள்ல இப்படித்தான் டர்ர்ர்னு மலைக்கு வந்து, சாமைக் காட்டுக்குள்ள எல்லாம் ரேஸ் விட்டுட்டுப் போவானுங்க. அவனுங்கதான் வந்துட்டானுங்கன்னு எல்லாரும் உள்ள போயிட்டாங்க. இவரு வண்டி ஏறுற சந்தோசத்துல எதையும் கவனிக்கல.

வீடு வந்து சேந்தாரு. "ஏ உண்ணாமலை, சோறு போடு!"

அவ வெளிய வந்து பாத்தா. "நீயா? எப்ப வந்த? உலையே வைக்கலையே!"

"ஏன் வைக்கல?"

"வண்டி வந்தாத்தானே வைப்பேன்? எவனோ ரேஸ் விடுறான்னு கோழிய எல்லாம் கூடைக்குள்ள போட்டுக் கவுத்துட்டுல்ல உக்காந்திருக்கேன்!"

அப்பத்தான் அவருக்கு ஒறைச்சுது. "அடியே, கனகா!"ன்னாரு.

ரெண்டு பேரும் வண்டியில ஏறுனாங்க. கனகா வீட்டுக்குப் போனா, வாசல்ல ஒரு செம்பு உருண்டு கெடக்குது. கதவு பூட்டியிருக்குது. யாருமே இல்ல. உண்ணாமலைக்குப் புரிஞ்சு போச்சு. வலி வந்திருக்குது. சடையப்பன் வண்டி வரலைன்னு போர்வையில தொட்டில் கட்டி, குறுக்கு வழியில தூக்கிக்கிட்டு எறங்கிட்டாங்க. அந்தக் காட்டுல குறுக்கு வழி ஒண்ணா ரெண்டா? எதுலன்னு தேடுறது?

சடையப்பன் ஹாரன் அடிச்சாரு, பீங் பீங். ரேஸ் விடுறவனுங்கன்னு நெனச்சு யாரும் வரல. ஓ... ஓன்னு கூப்புட்டாரு. மழைச் சத்தத்துல அது கேக்கல. அப்ப உண்ணாமலை, "கரியராமா, நீதான் துணை"ன்னு மலைச்சாமியக் கும்புட்டுட்டு, வண்டியிலயே கட்டிக் கெடந்த அந்தச் சாக்க அவுத்தா. முந்தானையில மூடிக்கிட்டு வந்ததை எடுத்தா.

"என்னது பெரியம்மா?"

சோத்துக் கரண்டி! கெளம்புறப்ப கையில இருந்தது, அப்படியே கொண்டாந்துட்டா. வண்டி பின்னாடி உக்காந்துக்கிட்டு, செயின் கவரத் தூக்கிப் பிடிச்சுக் கரண்டியால அடிச்சா. கிளிங்! கொஞ்ச தூரம் போய், கிளிங்! பள்ளம் வந்தாலும் கிளிங், வராட்டியும் கிளிங்!

காட்டுக்குள்ள தொட்டில்ல சுருண்டு கெடந்த கனகா காதத் தூக்குனா. "அத்தே, நில்லுங்க!"

மாமியாக்காரி, "வலியில ஏதேதோ கேக்குதுடி உனக்கு"ன்னா.

"இல்லத்தே, அது சடையப்பன் மாமா வண்டி! பாதைக்குப் போங்க, பாதைக்குப் போங்க!"

போனாங்க. பாத்தா வண்டி நிக்குது! கனகாவ நடுவுல உக்கார வச்சு, பின்னாடி உண்ணாமலை உக்காந்து கட்டிப் புடிச்சுக்கிட்டா. மெதுவா, மெதுவா எறங்குனாங்க. அந்தச் சேத்துல பழைய டயரா இருந்தா சறுக்கித் தள்ளியிருக்கும். அன்வரு போட்ட டயரு கவ்விப் புடிச்சுக்கிட்டு எறங்குச்சு. அவனும் நல்லா இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்குள்ள போனதுதான் தாமதம். ங்ஙா... ங்ஙான்னு ஒரு சத்தம்! அதைக் கேட்டதும் சடையப்பன் வெளிய வந்து வண்டியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாராம். சேறெல்லாம் கண்ணுல அப்பிக்கிச்சுன்னு உண்ணாமலை இன்னும் சொல்லிச் சிரிப்பா.

அப்புறம் அவரு அன்வர்கிட்டப் போனாரு. "டயரும் ஷாக்கும் இருக்கட்டும்டா. பழைய சைலன்சரையும் இந்தத் தகரத்தையும் திரும்ப மாட்டு."

"அண்ணே, ஆடும்ணே. சத்தம் வரும்ணே."

"வரட்டும். முடுக்கிக் கிடுக்கி வச்சிராத."

ஏகாம்பரம் இன்னைக்கும் கிண்டல் பண்ணுவான், "காலுக்குப் புது ஷூ, வாய்க்குப் பழைய பாட்டு"ன்னு. பண்ணட்டும். திம்மராயன் தாத்தா அந்தச் சத்தத்துக்கே எந்திரிச்சு நிப்பாரு.

"ம்... அந்தப் பாப்பா?"

உனக்குச் சடை பின்னி விடுவாளே வெண்ணிலா அக்கா, அவதான். உங்கம்மாவுக்கு வலி வந்தப்பவும் அந்த வண்டிதானே வந்து கூட்டிட்டுப் போச்சு? உன் தம்பிப்பாப்பா நல்லபடியாப் பொறந்துட்டான். நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வீட்டுக்கு வர்றாங்க, அடிவாரம் வரைக்கும் ஆஸ்பத்திரி வண்டி, அங்கேருந்து நம்ம வண்டி. கரியராமா, உனக்குக் கோடி கும்புடு.

கதை வீட்டுக்கு வந்து சேந்துருச்சு, நீயும் கண்ண மூடு. எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணு சாமி. இப்பல்லாம் எனக்குக் காது கொஞ்சம் மந்தம். காலையில கிளிங்னு கேட்டா என்னைய எழுப்பி விடு. உங்கம்மாவுக்கு உலை வைக்கணும்.