சிறகு முளைத்த யானையும் இருபது பொன்னும்

மலைமேகங்கள் ஊருக்குள் இறங்கி ஆற்றோரம் உலாவிப்போன அந்தக் காலத்தில், பனித்துறை நாட்டைக் கார்மேகராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் பாதி நேரம் அரண்மனையில் இருப்பார், மீதி நேரம் கனவில் இருப்பார். கனவில் எதைக் கண்டாலும் விடிந்ததும் சட்டமாக்கிவிடுவார். நாடு எப்படியோ ஓடியது, கடவுள் புண்ணியம்.

ஒருநாள் கருவூலத் தலைவர் அளகேசரைக் கூப்பிட்டார். "அளகேசரே, கருவூலத்தில் நாற்பது பொன் போட்டவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு பொன் வட்டி தருகிறோமே, அதை ஐந்தாக்குங்கள். ஆனால் அவர்கள் மாதம் ஒருமுறை சபைக்கு வந்து எனக்கு ஒரு கனவு சொல்ல வேண்டும்."

அளகேசருக்கு வயிறு எரிந்தது. கண்டவருக்கெல்லாம் ஐந்து பொன்னா? தம் பங்குக்கு இரண்டு நிபந்தனைகளை எழுதிச் சேர்த்தார். மாதந்தோறும் இருபது பொன் கருவூலத்துக்குள் வர வேண்டும். மாதந்தோறும் அரசுக் கடைகள் ஐந்திலும் ஏதாவது வாங்க வேண்டும். மூன்றையும் செய்பவர் பெயர்தான் பவழ ஏட்டில் ஏறும், ஐந்து பொன்னும் அவருக்கே. ஏழைபாழைகள் இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

நீலியாற்றில் ஓடம் விடும் நல்லநாச்சிக்கு அந்தச் சேதி எட்டியது. புருஷன் போனபின் அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது சரியாக நாற்பது பொன். ஓடமோ இற்றுப்போயிருந்தது. புது ஓடத்துக்குத் தச்சர் நாற்பத்தைந்து கேட்டார். அடுத்த ஐப்பசி வெள்ளத்துக்குள் புது ஓடம் இறங்காவிட்டால் துறை கைமாறிவிடும். அதை வாங்கக் காத்திருந்தவர் வேறு யாருமில்லை, அளகேசரின் மைத்துனர். துறை போனால் அவளுக்குப் பிழைப்பே இல்லை.

நல்லநாச்சிக்கு எழுத்து தெரியாது. நிபந்தனைகளை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே போய் நாற்பது பொன்னையும் கருவூலத்தில் போட்டாள்.

மாதப் பிறப்பன்று காலையில் கருவூலத்தில் கிடக்கும் தன் நாற்பதிலிருந்து இருபது பொன்னை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். நாலு நடை ஓடம் விட்டபின், அதே இருபதைக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவாள். அரசுக் கடைகளில் ஒரு கடையில் ஒரு பிடி உப்பு, ஒன்றில் ஓர் ஊசி, இன்னொன்றில் ஒரு விளக்குத் திரி, அப்புறம் ஒரு வெற்றிலை, ஒரு முழம் நூல். ஆகமொத்தம் ஐந்து காசு.

பவழ ஏட்டில் ஏறிய வணிகர்கள் அதே ஐந்து கடைகளில் பட்டும் மயில்விசிறியும் வாங்கி வட்டியைப் போல இரண்டு மடங்கைத் தொலைத்தார்கள். கனவோ அவர்களுக்கு வரவே இல்லை. அரண்மனைப் புலவரிடம் மூன்று பொன் கொடுத்து வாங்கினார்கள். சிறகு முளைத்த யானை ஒன்று கோபுரத்தில் இறங்கி மன்னரை வாழ்த்துகிற கனவு.

நல்லநாச்சியின் கனவுக்குச் செலவே இல்லை. "ஆத்துல நிலா மெதந்துச்சு மகாராஜா. துடுப்பு பட்டா வலிக்குமேன்னு சுத்திப் போனேன்," என்பாள். ராஜா கண்ணை மூடிக்கொள்வார். சபையே கொஞ்ச நேரம் தண்ணீரில் ஆடும்.

பன்னிரண்டாம் மாதம் வந்தது. அளகேசர் ஒரு தட்டு நிறையப் பொன்னோடு எழுந்தார்.

"மகாராஜா, மோசடி! முதல் மாதமே இவள் பொன்னில் கீறி அடையாளம் வைத்தேன். அதே இருபதுதான் பன்னிரண்டு தரமும் வந்திருக்கிறது!"

"உள்ள வரணும்னுதானே ஐயா எழுதுனீங்க? வெளிய போகக்கூடாதுன்னு எழுதலையே," என்றாள் நல்லநாச்சி.

"ஒரு பொன் ஒரு தரம்தான் கணக்கு!"

"அப்படியா? சிறகு முளைச்ச யானை எத்தனை தரம் வந்துச்சு, ஐயா?"

ராஜா விரல்விட்டு எண்ணினார். "பதினோரு வணிகர்கள் கனவில் வந்தது. அளகேசரே, நீரும் பவழ ஏட்டில் ஏறினீரே, உமக்கும் வந்ததல்லவா? நான் அது வீடு வீடாகப் போய் விசாரிக்கிறது என்றல்லவா சந்தோஷப்பட்டேன்!"

புலவர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். அளகேசர் பொன் தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

"என் பொன்னாச்சும் என்னோடது மகாராஜா," என்றாள் அவள்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, இந்த மாதக் கனவைச் சொல். வட்டியை வாங்கிக்கொள்."

நல்லநாச்சி தலைகுனிந்தாள். இதுவரை வராத பயம் இப்போது வந்தது. யானையைப் போல ஏதாவது அளந்துவிட்டிருக்கலாம். மனசு வரவில்லை.

"இந்த மாசம் கனவு இல்லை மகாராஜா. ஓடத்துல தண்ணி ஏறுது. இறைச்சு இறைச்சு, கண்ணு மூடியே நாளாச்சு. தூங்காதவளுக்கு ஏது கனவு?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. இத்தனை காலம் ஊரின் கனவுகளைக் கேட்டவர், ஊர் தூங்கியதா என்று கேட்டதே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஐந்து பொன்னை இப்போதே கொடுங்கள். கனவு கடனாக இருக்கட்டும், தூங்கியபின் தரட்டும். யானை பார்த்தவர்கள் எல்லோரும் பவழ ஏட்டை விட்டு இறங்கட்டும். அளகேசரே, புது ஓடம் வரும்வரை பழைய ஓடத்தில் தண்ணீர் இறைப்பது உம் வேலை."

"மகாராஜா, என் மைத்துனன்..."

"அவரும் ஒரு கை பிடிக்கட்டும்."

ஐப்பசி வெள்ளத்துக்கு முன்பே புது ஓடம் இறங்கியது. அடுத்த மாதப் பிறப்பில் நல்லநாச்சி சபைக்கு வந்தாள். ராஜா ஆசையோடு முன்னால் சாய்ந்தார்.

"ஓடத்துல தண்ணி ஏறுற மாதிரி கனவு மகாராஜா. பதறி எழுந்து அடிப்பலகையைத் தடவிப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"காஞ்சு கெடந்துச்சு. மறுபடி தூங்கிட்டேன்."

ராஜா வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. பவழ ஏட்டில் அந்தக் கனவை மட்டும் தம் கையாலேயே எழுதினார்.