சந்தியாகு குடைந்த பாறை

சிப்பித்துறைக்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். ஊருக்கே சேர்த்து அந்த வேலையைச் சந்தியாகு ஒருவரே பார்த்துக்கொள்வதால் மற்றவர்களுக்கு அவசியம் இல்லாமல் போயிற்று.

அன்றைக்கு அவர் மும்முரமாகவே இருந்தார். மாதா திருவிழாப் படகு ஊர்வலத்தில் யார் சுக்கான் பிடிப்பது என்பது கிளாரம்மாள் டீக்கடையில்தான் முடிவாகும். கடலுக்குள் கால் நீட்டி நிற்கிற மணற்பாறை வளைவின் அடியில் முதல் படகை ஓட்டுகிறவருக்கு வருஷம் முழுக்க மரியாதை. போன வருஷம் சந்தியாகுவிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர் மாதா சுரூபத்தோடு படகை மணல்திட்டில் ஏற்றி, பாட்டுக் கோஷ்டியை இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ள வைத்தார். இந்த வருஷமும் கை நழுவினால் வீட்டில் மனைவிகூட மதிக்கமாட்டாள் என்று அவருக்கு உள்ளூர வலித்தது. மதுரையில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு, காலை பஸ்ஸில் இறங்கியவர் நேரே கடைக்கு வந்திருந்தார்.

"வளைவுக்கு அடியில போக எனக்குத்தாம்வே உரிமை. அதைக் குடைஞ்சதே நான்தான்," என்றார்.

படகுக்காரன் தொம்மை டீயை ஊதினான். "எதால குடைஞ்சீங்க அண்ணாச்சி, பல்லு குத்துற குச்சியாலயா?"

"சிரிக்காதலே. என் கலியாணத்தப்ப அது முழுச் சுவரு. உள்ள பூரா மணலு. சுண்ணாம்புதான் பிடிச்சு வச்சிருக்கு. மழைத்தண்ணி விரிசல்ல இறங்கினா சுண்ணாம்பு கரையும், மணலு உதிரும். ஆனா முதல்ல விரிசல் வேணும்லா? ஒருநாள் முதுகு அரிச்சுதுன்னு பாறையில தேய்ச்சேன். விழுந்துச்சு பாரு, மேல இருந்து கீழ வரைக்கும்!"

"முதுகுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கிளாரம்மாள் ரொம்பக் கவலையோடு கேட்டாள்.

"அரிப்பு நின்னுட்டு. பிறகு, சும்மா சுத்திக்கிட்டுக் கிடந்த உப்புக்காத்தைக் கூப்பிட்டு வேலை கொடுத்தேன். உப்பு பாறைக்குள்ள போயி, காஞ்சு பூத்து, மணலை வெளியில தள்ளும். கீழ அலை, பக்கத்துல காத்து. ராப்பகலா ஷிப்டு. நான் மேஸ்திரி."

"படிச்சவங்க பல்லாயிரம் வருஷம் ஆகும்னாங்களே?" என்றான் தொம்மை.

"மேஸ்திரி இல்லேன்னா ஆகும். கடைசியில சுவரு அப்பளமா மெலிஞ்சுபோச்சு. ஒரு சிட்டிகை பொடி போட்டுத் தும்முனேன். நடுவுல ஓட்டை! அது வழியா இலங்கையில ஒருத்தி தேங்கா துருவுற சத்தம் கேட்டுச்சு. 'நைசாத் துருவு தாயி'ன்னேன். 'சரி அண்ணே'ன்னா."

"மேல்பக்கம் எப்படி அண்ணாச்சி விழாம நிக்குது?" இதைக் கேட்டபோது தொம்மையின் குரலில் கிண்டலைக் காணோம். சந்தியாகுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அங்கதாம்ல மூளை. மேல கனம் அழுத்தினா மணலு ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கிடும். அதனால எங்க மாமனாரை மேல உக்கார வச்சேன். ஒரு இடத்துல உக்காந்தா லேசுல எந்திரிக்காத மனுசன். கல்லு நல்லா இறுகினப்புறம்தான் இறக்குனேன்."

"அப்ப அந்தப் பாறை முழுக்க உங்களுக்கு அத்துப்படி?"

"ஒவ்வொரு மணலையும் பேரு சொல்லிக் கூப்பிடுவேன்."

தொம்மை கிளாரம்மாளைப் பார்த்தான். "அப்ப சுக்கான் அண்ணாச்சிக்குத்தான்," என்றான். கடையே கைதட்டியது. ஒருவரும் மறுக்காதது விசித்திரமாகப் பட்டாலும் சந்தியாகுவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இன்னொரு டீ சொன்னார்.

டீயை நீட்டிக்கொண்டே கிளாரம்மாள் விஷயத்தைச் சொன்னாள். "போன வாரம் பேஞ்ச மழையில வளைவு நடுவுல இருந்து ஆட்டுக்கல்லு கனத்துக்கு ஒரு துண்டு விழுந்துட்டு அண்ணாச்சி. மேல விரிசல் வேற. சுக்கான் பிடிக்க ஒருத்தனும் வரமாட்டேங்கான். நல்லவேளை, செஞ்சவுகளே வந்துட்டீங்க. முதல்ல வெறும் படகுல நீங்க தனியாப் போயிட்டு வாங்க. பாறை சும்மா இருந்தா, பிறகு மாதாவை ஏத்துதோம்."

சந்தியாகு டீயைக் கீழே வைத்தார். மாட்டேன் என்றால் இந்த ஜென்மத்தில் இனி சுக்கான் இல்லை. சரி என்றால் ஜென்மமே திருவிழாவோடு முடிந்தாலும் முடியும். ஆனாலும் வாய் அவரைக் கைவிடவில்லை.

"எனக்கென்ன, போயிருவேன். ஆனா அந்தப் பாறைக்கு என்மேல மரியாதை ஜாஸ்தி. என்னைக் கண்டா குனிஞ்சு கும்பிட்டுரும். அப்புறம் ஊருக்கு வளைவு இருக்காதே, அதான் யோசிக்கேன்."



கிளாரம்மாள் கிளாஸைக் கழுவியபடியே சொன்னாள். "தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போங்க அண்ணாச்சி. அதுக்கு ஆளு தெரியாது."