குளத்தை நம்பாத சடையாண்டியார்

திருநல்துறையில் கோயில் கொண்ட கரையேற்றுநாதர்மீது சடையாண்டியார் வைத்திருந்த நம்பிக்கைக்கு அளவில்லை. ஆனால் அந்த நாதரின் திருக்குளத்தை மட்டும் அவர் ஒருநாளும் நம்பவில்லை. தேங்காய் நார் கொண்டு படிகளில் பாசி தேய்ப்பது அவர் தொழில். ஆழம் தொடங்கும் படியில் மூங்கில்களை நிறுத்திக் குறுக்கே கயிறும் கட்டியிருந்தார். வேலை முடிந்ததும் கரையில் நின்று குளிப்பவர்களையே பார்த்திருப்பார். ஒரு தலை முங்கினால் "நம" என்பார். அது மேலே வந்தபிறகே "சிவாய" என்பார். அவருக்குத் தெரிந்த பூசை அவ்வளவுதான்.

ஊர் இதை வேறு மாதிரி பார்த்தது. பெண்களை வெறிக்கிறான் என்றனர் சிலர். வாய் ஏதோ முணுமுணுக்கிறதே, சூனியம்தான் என்றனர் சிலர். கரையில் வைத்த துணி காணாமல் போனாலும், யாருக்காவது சளி பிடித்தாலும் பழி அவர்மேல்தான் விழுந்தது. சளிக்கு அவர் என்ன செய்வார், பாவம்!

கோயில் மணியக்காரர் அம்பலவாணம் பிள்ளை தம் நிழலையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறவர். அவர் சடையாண்டியாரை அழைத்தார்.

"குளிக்கிறவங்கள ஏன்டா பாத்துக்கிட்டே நிக்கிற?"

"தண்ணிய நம்ப முடியாதுங்க, எசமான்."

"உன்னையத்தான் நம்ப முடியல. ஆளுங்க குளிக்கிற நேரத்துல இனி கரைப்பக்கம் வராத."

அன்றுமுதல் அடியார் ஆளில்லாத உச்சிவேளையில் மட்டும் வந்து பாசி தேய்த்தார். மனம் மட்டும் நாளெல்லாம் குளக்கரையிலேயே கிடந்தது.

மாசி மகம் வந்தது. "சாமி எறங்குற எடத்துல வேலி எதுக்கு?" என்று மணியக்காரர் மூங்கிலையும் கயிற்றையும் பிடுங்கச் செய்தார். கேள்விப்பட்ட அடியார் தடையை மீறிக் கூட்டத்தோடு கூட்டமாக வந்து நின்றார்.

ஈசனின் சூல வடிவான அஸ்திரதேவரின் வெண்கலத் திருமேனியை ஏந்திச் சபேச குருக்கள் இறங்கினார். அவர் முங்க, ஊரே முங்கியது. ஊரார் எழுந்தனர், குருக்கள் எழவில்லை. பக்தி மிகுதியால் நெடுநேரம் முங்கியிருக்கிறார் என்றெண்ணி எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். அடியாருக்கோ "சிவாய" தொண்டையிலேயே நின்றது. தண்ணீரில் பாய்ந்தார்.

"பொம்பளைங்க மேல விழுறான், புடிங்கடா!"

முதுகில் அடி விழுந்தது. அதை உதறிக்கொண்டு முங்கியவர், குருக்களைத் தூக்கிவந்து படியில் கிடத்தினார். குருக்கள் நீரைக் கக்கி மூச்சுவிட்டார்.

"சாமி எங்கடா?" என்று பாய்ந்தார் மணியக்காரர்.

"உள்ளதாங்க இருக்காரு. ஐயருக்கு மூச்சு முட்டுச்சு. சாமிக்கு முட்டாதுங்களே."

"ஒளிச்சு வச்சிட்டான்!" என்று கூட்டம் கொதித்தது. நீச்சல் தெரிந்தவர்கள் துழாவியும் திருமேனி கிட்டவில்லை. அடியாரின் கைகளைத் துண்டால் கட்டிப் படியில் நிறுத்தினர். "அப்பனே, எம்பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது. உன்னத் தண்ணியில விட்டுட்டேனே!" என்று அவர் வாய்விட்டு அழுதார்.

அப்போது நடுக்குளத்தில் நீர் சலசலத்தது. வெண்கலத் திருமேனி சருகுபோல மிதந்துவந்து, கட்டுண்டு நின்ற அடியாரின் காலருகே படியில் தங்கியது. ஊரே கைகூப்பியது. மணியக்காரருக்கு அப்போதும் மனம் ஒப்பவில்லை. இடுப்பளவு நீரில் இறங்கி, அடியிலிருந்து யாராவது தள்ளுகிறார்களா என்று கைவிட்டுத் தேடினார். வெறும் தண்ணீர்தான் இருந்தது.

கரையேறி வந்து, அடியாரின் கைக்கட்டைத் தாமே அவிழ்த்தார்.

"நான் முங்குறப்பவும் கொஞ்சம் பாத்துக்குங்க, ஐயா."

தம்மைப் பழித்த தலைகளையும் ஒன்று விடாமல் கரையேற்றக் காத்து நின்ற அந்தக் கண்கள் வாழ்க.