தமயந்தியோட செருப்புச் சக்கரம்

எண்ணூர்ல, ரயில்வே கேட்டை ஒட்டி ஒரு வீடு. அந்த வீட்ல ஒரு பொண்ணு. பேரு தமயந்தி. உன்னைவிடக் கொஞ்சம் பெரியவ. ம் கொட்டுடி தங்கம், அப்பத்தான் அத்தை சொல்லுவேன்.

ம்... ஒருநாள் கடல்காத்து வேகமா அடிச்சுதா, இரும்புக் கதவு டமால்னு சாத்திக்கிச்சு. அவளோட வலது கையில ரெண்டு விரல் கதவிடுக்குல மாட்டிக்கிச்சு. அப்புறம் ஆஸ்பத்திரி, கட்டு, ஊசி எல்லாம். கட்டைப் பிரிச்சுப் பாத்தா, ரெண்டு விரலும் குச்சி மாதிரி விறைச்சு நிக்குது.

"தினம் மடக்கி நீட்டணும். விட்டுட்டா அப்படியே நின்னுடும்"னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மடக்கினா உசுரு போற வலி. தமயந்தி கையையே நீட்ட மாட்டேன்னுட்டா.

அப்போ அவ மாமா ஒரு குட்டிப் பலகை கொண்டாந்தாரு. பிஸ்கட் நீளம்தான், அடியில நாலு சக்கரம். ரெண்டு விரலைக் காலு மாதிரி அதுமேல நிக்க வெச்சு ஓட்டணும். விரல் ஸ்கேட் போர்டு.

தமயந்தி விரலை வெச்சா. சர்ர்ர்ர்! வழுவழு பிளாஸ்டிக் சக்கரம், மொசைக் தரை. பலகை கட்டிலுக்கடியில போயிடுச்சு, விரல் இங்கியே நிக்குது. மறுபடி வெச்சா, மறுபடி சர்ர்ர்.

"எனக்கு வேற சக்கரம் வேணும்மா."

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு எப்படிடி மாத்துவ?"

"இடது கை இருக்குல்ல."

உக்காந்து நட்டைக் கழட்டினா. முதல்ல சட்டைப் பட்டன் மாட்டினா. கடகடகடன்னு ஆடிச்சு, கவுந்துடுச்சு. அப்புறம் அழிரப்பரை வட்டமா நறுக்கி மாட்டினா. அது தரையைக் கவ்விக்கிச்சு, நகரவே இல்ல. தள்ளித் தள்ளி வலியில கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ஆனா எழுந்திருக்கல. தூங்கிட்டியா?

ம்... அப்புறம் வாசல்ல கெடந்த அம்மாவோட அறுந்த ஹவாய் செருப்பைப் பாத்தா. "இதுல வெட்டிக் குடும்மா." அம்மா பேனா மூடியை வெச்சு வட்டம் போட்டு, பிளேடால வெட்டிக் குடுத்தாங்க. மாட்டினா. குடு... குடு... குடு... மெதுவா உருளுது. விரல் தள்ளினா போகுது, விரல் நின்னா நிக்குது.

"இதுதாம்மா!"

அதுலேர்ந்து தினம் குடுகுடுதான். விரல் துளி மடங்குச்சு. அப்புறம் பாதி மடங்குச்சு. அப்போ ஒரு சாயங்காலம் தரையில ஒரு பென்சிலை வெச்சா. இதைத் தாண்டணும்!

பின்முனையை டப்புனு அமுக்கினா. பலகை கவுந்துடுச்சு. மறுபடி டப்பு. பென்சில் மேல இடிச்சுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு விரலை நல்லா மடக்கி, டப்பு! பலகை எழும்பி, பென்சிலைத் தாண்டி, நாலு சக்கரமும் தரையில... டொக்! மேலயே ரெண்டு விரலும் நிக்குது.

அம்மா ஓடி வந்து கையைப் புடிச்சாங்க. "வலிக்குதாடி?"

"வலிக்குது. கையை விடும்மா, இன்னொரு தரம் தாண்டணும்."

அவ தாண்டிக்கிட்டே இருக்கட்டும். என் கதை இங்க நின்னுடுச்சு. நீ கண்ணை மூடு.