விதைக்காத நிலத்துக்குத் தண்ணீர்

"அடங்கிப்போச்சுன்னு நினைச்சது மறுபடி எந்திரிச்சு நிக்குதுங்கம்மா" என்றார் மாரப்பன்.

அருளாயி அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எது?"

"நாச்சிமுத்து ஜெயில்ல இருந்து வந்துட்டானாம்."

மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். கீற்றுக் கொட்டகைகள், ஒரு அடுப்படி, அவ்வளவுதான். அம்மாள் மாரப்பனைவிட வயதில் சிறியவர். ஆனாலும் அவரைத்தான் குருவாக ஏற்றுக்கொண்டு மாரப்பன் அங்கே கிடந்தார்.

மாரப்பனுக்கு ஒரே மகன் இருந்தான். பழனியப்பன். மாரப்பனுக்கும் பங்காளி நாச்சிமுத்துவுக்கும் பொதுக்கிணறு. இன்றைக்கு யார் முறைத் தண்ணீர் என்று ஒரு கோடையில் பேச்சு முற்றியது. நாச்சிமுத்து மண்வெட்டிக் காம்பால் அடித்தான். ஒரே அடி. பழனியப்பன் வாய்க்காலில் விழுந்தான். எழவில்லை.

நாச்சிமுத்துவுக்கு ஜெயில் தண்டனை கிடைத்தது. மாரப்பன் நிலத்தை அப்படியே போட்டுவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

கூட்டினார், சமைத்தார், கண்மூடி உட்கார்ந்தார். வருஷங்கள் போகப் போகக் கோபம் போய்விட்டது என்றே நம்பினார். போன வாரம் சொந்தக்காரர் ஒருவர் வந்து சேதி சொன்னார். அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்த மண்வெட்டிக் காம்புதான் தெரிகிறது.

"இதை ஒரேயடியா ஒழிக்க ஒரு வழி சொல்லுங்கம்மா."

அம்மாள் கீரைத்தண்டை ஒடித்துப் போட்டார்.

"உங்க நிலத்துல இப்ப என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? கோரையும் அருகும்தான். தரிசாக் கிடக்குதுங்க."

"கடலை போடலாம். கிளம்புங்க."

மாரப்பனுக்குப் போக மனசில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் அவனுடைய நிலம் என்றார். காலங்காலையில் அவன் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மாள் மாற்றுப் புடவையைப் பையில் வைத்துவிட்டார்.

நிலத்தில் கால் வைக்க இடமில்லை. வரப்பிலிருந்து வரப்பு வரை முழங்கால் உயரத்துக்குக் கோரை.

மாரப்பன் அரிவாளை எடுத்தார். யாரையும் கூப்பிடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தார். அறுத்து முடித்ததும் ஊர் வீட்டில் தங்கியிருந்த அம்மாளைக் கூட்டிவந்து காட்டினார். நிலம் மொட்டையாக, சுத்தமாகக் கிடந்தது.

அம்மாள் குனிந்து விரலால் மண்ணைத் தோண்டினார். கறுத்த கோரைக் கிழங்கு ஒன்று வந்தது. அதன் வேரைப் பிடித்து இழுக்க இன்னொன்று வந்தது. அதற்கும் பின்னால் இன்னொன்று.

அவற்றை மாரப்பனின் உள்ளங்கையில் வைத்துவிட்டு அம்மாள் போய்விட்டார்.

அந்த வாரமே பச்சை நுனி எட்டிப் பார்த்தது.

டிராக்டர் வைத்து ஆழ உழுதார் மாரப்பன். செம்மண் புரண்டு கிடந்தது. விதைக்கடலை வாங்கப் புறப்பட்டவரை அம்மாள் நிறுத்தினார்.

"தண்ணி விடுங்க."

"விதைச்சுட்டுத்தானுங்களே?"

"இல்ல. வெறும் நிலத்துக்கு."

"களைதான் மொளைக்கும்."

"மொளைக்கட்டும்."

தண்ணீர் பொதுக்கிணற்றிலிருந்துதான் வர வேண்டும். தன் முறை வந்த நாளில் மாரப்பன் மோட்டாரைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு வந்தார்.

எதிர்வரப்பில் நாச்சிமுத்து நின்றான். தலை வெளுத்திருந்தது. தூர்ந்து கிடந்த வாய்க்காலை அவன்தான் செதுக்கி வைத்திருக்கிறான் என்பது பார்த்ததும் தெரிந்தது.

மாரப்பன் மண்வெட்டிக் காம்பை இறுகப் பிடித்தார். மடத்தில் செய்வதுபோல் கண்ணை மூடிப் பார்த்தார். காம்பைப் பிடித்திருந்த கை இன்னும் இறுகியது. தண்ணீர் ஓடஓட விட்டுவிட்டு அம்மாளிடம் வந்தார்.

"அவனைக் கொல்லணும்னு வந்துச்சுங்கம்மா. இங்க வந்திருக்கவே கூடாது. மடத்துல இருந்தப்ப இது இல்ல."

"இல்லையா?"

மாரப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போங்க" என்றார் அம்மாள். "தண்ணி கடைசிப் பாத்தி வரைக்கும் பாயணும்."

மாரப்பன் திரும்பிப் போய்ப் பாய்ச்சினார்.

நிலம் முழுக்கப் பச்சை போர்த்தியது. அந்த வழியாகப் போனவர்கள், கோரைக்கு என்ன விலை போகிறது என்று கேட்டுச் சிரித்தார்கள். அம்மாள் தினமும் வந்து பார்த்தார். ஒரு காலையில், இளசாக இருக்கும்போதே மேலாக உழுதுவிடச் சொன்னார். உழுத மண் வெயிலில் காய்ந்தது. மேலே வந்த கிழங்குகள் சுருங்கின.

பிறகு மறுபடியும் தண்ணீர். மறுபடியும் முளைத்தது. மறுபடியும் உழுதார்.

தண்ணீர் பாய்ச்சும் நாளிலெல்லாம் நாச்சிமுத்து எதிர்வரப்புக்கு வந்துவிடுவான். அவன் பேசுவதில்லை. மாரப்பனுக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு கொதிக்கும். ஆனால் இப்போது அவர் கண்ணை மூடுவதில்லை, ஓடுவதும் இல்லை. கொதிக்கக் கொதிக்க நின்று, ஒரு பாத்தி நிரம்பியதும் அடுத்த பாத்திக்கு மடை திருப்புவார்.

ஒருநாள் சேற்றில் நின்றபடி "பழனியப்பா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டு அழுதார். மகனைப் புதைத்த அன்றுகூட அவர் அப்படி அழுததில்லை. எதிர்வரப்பில் நாச்சிமுத்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் பாய்ந்து முடியும்வரை இருவரும் நகரவில்லை.

ஆடி பிறக்கும் நேரம். மாரப்பன் அம்மாளிடம் வந்தார்.

"இன்னும் வருதுங்கம்மா."

"எவ்வளவு?"

"அங்கொண்ணு இங்கொண்ணு."

"உழணுமா?"

அவர் நிலத்தைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வேண்டாமுங்க. கையிலயே பிடுங்கிடலாம்."

"அப்ப விதைங்க."

அம்மாள் அன்று மத்தியானமே மடத்துக்குக் கிளம்பிவிட்டார். மாரப்பன் கூடப் போகவில்லை. அம்மாள் கூப்பிடவும் இல்லை.

விதைப்பன்று ஏர் ஓட்டுகிறவர் விடியும்போதே வந்து மாடுகளைப் பூட்டினார். ஏருக்குப் பின்னால் நடந்து சாலில் விதை போடுவதாகச் சொன்னவர் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஈரம் போனால் விதைக்க முடியாது.

எதிர்வரப்பில் நாச்சிமுத்து நின்றான்.

மாரப்பனுக்கு நெஞ்சு சுட்டது. அது ஆறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. விதைக்கூடையை எடுத்துக்கொண்டு வரப்புவரை நடந்தார்.

"வா" என்றார். "விதை போட ஆள் வேணும்."