நண்டு யாரைக் கையாட்டிக் கூப்பிடுகிறது

அந்தக் காலத்தில், நண்டும் மனிதரும் ஒரே கரையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்த காலத்தில், நண்டுகளுக்கு இரண்டு கொடுக்கும் ஒரே அளவாகத்தான் இருந்தன. ஆண், பெண் என்ற வித்தியாசம்கூடக் கைகளில் கிடையாது. சேற்றைக் கிள்ளி வாயில் போட இரண்டு கையும் மாறி மாறிப் போய்வரும். சாப்பாடும் சீக்கிரம் முடியும்.

அப்போது ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு பட்டணம் இருந்தது. பட்டணத்துக்கு நடுவில் பெரிய கழி. கடல் ஏறினால் கழியும் நிறையும், கடல் வடிந்தால் கழியும் வடிந்து சேறு தெரியும். இப்படி ஒன்று வாய்த்திருந்தும் பட்டணத்தார் அதைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கி வைத்திருந்தார்கள். சாயம் போடுகிறவர் சாயத்தண்ணீரை ஊற்றினார், தோல் பதனிடுகிறவர் சுண்ணாம்பைக் கொட்டினார், வீட்டுக்காரர்கள் மற்றதையெல்லாம் கொட்டினார்கள். கேட்டால், "கடல் கொண்டுபோயிடும்" என்பார்கள். கடலுக்கு வேறு வேலையே இல்லையா என்ன? கழியின் வாய் மணலால் அடைத்துக்கொண்டது. தண்ணீர் கறுத்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

அந்தச் சேற்றில்தான் வளையன் என்றொரு நண்டு தன் மனைவி நீரழகியோடு குடியிருந்தான். நல்லவன்தான். ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. மேகம் கறுத்தால் பயம், வெளுத்தால் பயம். "எதுக்குத்தான் நீங்க பயப்பட மாட்டீங்க?" என்று நீரழகி கேட்பாள். அவன் யோசித்துப் பார்த்து, "தெரியலையே புள்ள" என்பான், அதற்கும் கொஞ்சம் பயந்துகொண்டே.

கழியைத் திருத்த வேண்டும் என்று முதலில் கிளம்பியவள் சங்குமணி. வள்ளம் ஓட்டிப் பிழைத்தவள், அந்த ஊருக்கே தலைவியாக வந்தவள். "கடலோரத்துல பொறந்த நம்ம புள்ளைங்களுக்கு நீச்சல் தெரியாதுன்னா அசலூர்க்காரன் சிரிக்க மாட்டானா?" என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு போடு போட்டாள். சாக்கடைகளைத் தென்னந்தோப்புப் பக்கம் திருப்பினார்கள். வாயை அடைத்த மணலை வெட்டினார்கள். கறுப்புச் சகதியைக் கூடை கூடையாக அள்ளினார்கள். பௌர்ணமி, அமாவாசைக் காலங்களில் கடல் பொங்கினால் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் புகும் என்பதால், கழியின் வாயில் மரக்கதவு ஒன்று நிறுத்தினார்கள். பொங்கி உச்சிக்கு வரும்போது மட்டும் கொஞ்ச நேரம் சாத்துவது, மற்ற நேரமெல்லாம் திறந்து வைப்பது. அதுதான் ஏற்பாடு.

கதவின் தாழ் தண்ணீருக்கு அடியில், மனிதர் கை நுழையாத இடுக்கில் இருந்தது. கடல் எப்போது ஏறும், எப்போது வடியும் என்பது வளைக்குள் கண்ணை மூடிப் படுத்திருக்கும் நண்டுக்குக்கூடத் தெரியும். அதனால் சங்குமணி வளையனைக் கூப்பிட்டு, "தம்பி, கதவு உன் பொறுப்பு" என்றாள். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றிலிருந்து கவலையும் ஒன்று கூடிப்போனது.

கழி தெளிந்தது. மடவை மீன்கள் துள்ளின. பிள்ளைகள் வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு நீந்தக் கற்றார்கள். சாயங்காலமானால் வள்ளங்களில் குடும்பம் குடும்பமாக ஏறிச் சுற்றி வந்தார்கள். ஊரே சந்தோஷமாக இருக்க, வளையன் மட்டும் வாசலில் நின்று கரையையே பார்த்துக்கொண்டிருப்பான். யாராவது ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும், வளைக்குள் பாதி இறங்கி நின்று எட்டிப் பார்ப்பான். கொட்டத்தான் வருகிறார்களோ? இல்லை, மொண்டுகொண்டு போக வருகிறார்களோ? மனிதர்களுக்கு இந்தக் கழி பிடித்திருக்கிற வரைக்கும்தான் நமக்கு வாழ்வு, சலித்துப்போனால் பழையபடி சாக்கடைதான் என்று அவன் மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில் நீரழகி வயிறு நிறைய முட்டை சுமந்திருந்தாள். நண்டு வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. பிள்ளைகள் வீட்டில் வளர்வதில்லை. கடல் வடியும் நேரம் பார்த்துத் தாய் கழி வாய்க்குப் போய் வயிற்றை உதறுவாள். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் வடியும் தண்ணீரோடு கடலுக்குப் போகும். அங்கே வளர்ந்து, பெரிய ஏற்றம் வரும் நாளில், உள்ளே வரும் தண்ணீரில் ஏறி வீடு திரும்பும். நீரழகியும் அப்படியே அனுப்பிவைத்தாள். "அமாவாசை ஏற்றத்துக்கு வந்துடணும் கண்ணுங்களா. வழி தெரியலைன்னு நிக்காதீங்க. அப்பா கதவைத் திறந்து வச்சிருப்பாரு." வளையனும் பக்கத்தில் நின்று, "ஆமாம் ஆமாம், திறந்து வச்சிருப்பேன்" என்றான்.

பிறைக்கணக்கு அமாவாசையை நெருங்கும் சமயத்தில், சங்குமணி வள்ளத் திருவிழா ஒன்று கூட்டினாள். அக்கம்பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்கெல்லாம் அழைப்பு போனது. முதல் நாள் பந்தயம் பாதியில் இருக்கும்போது கடல் வடிய ஆரம்பித்தது. அது அதன் வேலையைச் செய்தது. வள்ளங்கள் சேற்றில் குந்திக்கொண்டன. துடுப்போடு நின்றவர்கள் முட்டிவரை சேற்றில் இறங்கித் தள்ளினார்கள். சேற்றுக்கு ஒரு வாசனை உண்டு அல்லவா, அது கரையெல்லாம் பரவியது. வந்த விருந்தாளிகள் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, "இதைத்தான் சுத்தம் பண்ணிட்டோம்னு பீத்திக்கிட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

உள்ளூர்க்காரர் ஒருவருக்கு முகம் சுண்டிப்போனது. "இதுக்கா இத்தனை பாடுபட்டோம்? பேசாம எல்லாத்தையும் இதுலயே கொட்டிட்டு வேற சோலியைப் பார்க்கலாம்" என்றார். கோபத்தில் சொன்ன சொல்தான். ஆனால் அது வளையன் காதில் விழுந்துவிட்டது. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவனுக்குக் கால்கள் வேறு நிறைய.

சங்குமணி கதவருகே வந்து குனிந்தாள். "தம்பி, மானம் போகுது. திருவிழா முடியிற வரைக்கும் தண்ணி வடியாமப் பார்த்துக்கயேன். கழி நிறைஞ்சே இருக்கட்டும்."

"அக்கா, வடியலைன்னா தண்ணி..." என்று இழுத்தான் வளையன். அவனுக்குத் தெரியும். கழி மூச்சு விடுவதே வடிவதில்தான். சொல்லியிருந்தால் சங்குமணி கேட்டிருப்பாள், அவள் ஒன்றும் முரண்டு பிடிக்கிறவள் அல்ல. ஆனால் கரையில் அந்த ஆள் சொன்ன சொல்தான் அவன் காதுக்குள் நின்றது. கோபித்துக்கொண்டு மறுபடியும் கொட்ட ஆரம்பித்துவிட்டால்? "சரிக்கா" என்றான்.

அடுத்த ஏற்றத்தில் கழி தளும்ப நிறைந்ததும் வளையன் தாழைப் போட்டான்.

நீரழகி வளை வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "கதவைச் சாத்தினீங்களா? பிள்ளைங்க வர்ற நேரம்."

"அமாவாசைக்குள்ள திறந்துடுவேன் புள்ள. அதுக்குள்ள திருவிழா முடிஞ்சிடும்."

"ஊருல உள்ளதுக்கெல்லாம் பயப்படுறீங்களே, இதுக்குப் பயமா இல்லையா உங்களுக்கு?"

அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. எந்தப் பயத்துக்கு முதலிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

தளும்பி நின்ற கழி பார்க்க அத்தனை அழகு. சேறு இல்லை, வாசனை இல்லை. விருந்தாளிகள் வாயைப் பிளந்தார்கள். ஊரார், "இன்னும் ஒரு நாள் இருங்க" என்று அவர்களைப் பிடித்து வைத்தார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். திருவிழா ஜவ்வாக இழுத்தது. வளையன் ஒவ்வொரு நாளும் சங்குமணியின் வள்ளம் வரும் வழியில் போய் நிற்பான். அவள் முகத்தில் இருக்கும் சிரிப்பைப் பார்த்ததும் வந்த விஷயத்தை விழுங்கிக்கொண்டு திரும்பிவிடுவான்.

நின்ற தண்ணீர் முதலில் பச்சையானது. பிறகு கொழகொழத்தது. மடவை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குளித்த பிள்ளைகள் உடம்பைச் சொறிந்துகொண்டார்கள். கரையில் மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அமாவாசை விடிந்தது. வெளியே கடல் ஏற ஆரம்பித்ததை வளையன் வளைக்குள்ளிருந்தே உணர்ந்தான். அலறியடித்துக்கொண்டு கதவுக்கு ஓடினான். பலகைக்கு அந்தப் பக்கம் மெல்லிய சத்தம். சின்னச் சின்னக் கால்கள் மரத்தைப் பிறாண்டும் சத்தம். எத்தனை என்று சொல்ல முடியாத அத்தனை கால்கள்.

"அப்பா, கதவு சாத்தியிருக்கு."

"இதோ கண்ணுங்களா, இதோ திறந்துட்டேன்" என்றான். தாழை இழுத்தான். வரவில்லை. நாள்கணக்கில் சாத்தியபடி தண்ணீரில் நின்ற மரம் ஊதி, சட்டத்தோடு இறுகிப்போயிருந்தது. இடது கொடுக்கால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தான், அது தேய்ந்ததுதான் மிச்சம். வலது கொடுக்கை இடுக்குக்குள் சொருகி நெம்பினான். பலகை மயிரிழை நகர்ந்து, திரும்ப அவன் கையின் மேலேயே அழுந்தி நின்றது. வலியில் கண் இருண்டது. கையை எடுத்தால் அந்த மயிரிழையும் போய்விடும் என்று எடுக்காமல் நின்றான்.

நீரழகி கரைக்கு ஓடிப்போய் மேளச் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "அக்கா, என் பிள்ளைங்க வெளியில நிக்குதுங்க."

சங்குமணிக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டிய சேலையோடு தண்ணீரில் குதித்தாள். பந்தய வள்ளங்களைத் திருப்பி, கயிற்றைக் கதவில் கட்டி, விருந்தாளியும் உள்ளூர்க்காரருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். கொட்டிவிடலாம் என்று சொன்ன அதே ஆள்தான் முன் கயிற்றைப் பிடித்திருந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. பலகைக்கு அப்பால் குரல்கள் களைத்துக்கொண்டே வந்தன. "அப்பா, நாங்க எங்க போறது?" வளையன், "இருங்க, இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

கடைசியில் சட்டம் முறிந்து கதவு பிய்ந்து வந்தது. ஆனால் அதற்குள் கடல் திரும்பிவிட்டிருந்தது. உள்ளே வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. தேங்கிக் கிடந்த பச்சைத் தண்ணீர்தான் மொத்தமாக வெளியே பாய்ந்தது. வாசல்வரை வந்து நின்ற பிள்ளைகளை அது வாரிச் சுருட்டிக்கொண்டு கடலுக்குப் போனது.

கழி வடிந்தது. சேறு தெரிந்தது. அன்று ஒருவரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

"நான் சொல்லித்தானே சாத்தினே, தம்பி" என்று சங்குமணி அழுதாள்.

"சாத்தினது என் கைதானே அக்கா" என்றான் வளையன்.

அந்தக் கை வீங்கியது. வீங்கியது வீங்கியதுதான், வற்றவே இல்லை. இடது கை தேய்ந்து சிறுத்தது, அதுவும் வளரவில்லை. சேற்று மேட்டில் ஏறி நின்று, கடலைப் பார்த்து, வீங்கிய கையை அவன் உயரத் தூக்கினான். திறந்துதான் இருக்கு, வாங்க. இறக்கினான், மறுபடியும் தூக்கினான். வலித்தது, நிறுத்தவில்லை.

அடுத்து வந்த ஏற்றத்தில் சில குஞ்சுகள் வந்து சேர்ந்தன. நீரழகி ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நம்ம பிள்ளைங்கதானா?"

"தெரியலை புள்ள. யாரா இருந்தாலும் வரட்டும்." சொல்லிவிட்டுத் திரும்பவும் கையைத் தூக்கினான்.

வந்த குஞ்சுகளில் ஆண்கள் அவனைப் பார்த்து வளர்ந்தன. அவற்றுக்கும் ஒரு கை பெருத்தது. பெண்கள் நீரழகியைப் போல இரண்டு சின்னக் கைகளோடு நிம்மதியாகச் சாப்பிட்டன. கதவைச் சாத்தியது அவள் இல்லையே, அவள் எதற்குக் கையாட்ட வேண்டும்? பட்டணத்தார் திரும்பக் கதவு வைக்கவில்லை. தாழ்ந்த தெருவின் வாசற்படிகளை உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள். கடல் ஏறும்போது வள்ளம் விட்டார்கள், வடியும்போது கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று முதல்தான், கழியில் தண்ணீர் வடிந்து சேறு தெரிந்ததும் ஆண் நண்டுகள் வளை வாசலில் நின்று அந்தப் பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கிக் கடலில் இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிடுகின்றன. நம் நிழல் பட்டால் மட்டும், கதவைச் சாத்தச் சொல்ல மறுபடியும் யாரோ வந்துவிட்டார்கள் என்று விருட்டென்று உள்ளே ஓடி ஒளிந்துகொள்கின்றன.